பிரிஜா டீச்சரின் பாதிப் பாடம்

2023 ஆகஸ்ட் 12, இரண்டாம் சனிக்கிழமை. பிரிஜா டீச்சர் மொட்டைமாடியில் துணி காயப்போட்டுக்கொண்டிருந்தபோது கைபேசி அதிர்ந்தது. பத்தாம் வகுப்புப் பெற்றோருக்கான வாட்ஸ்அப் குழுவில் யாரோ ஒரு வீடியோ போட்டிருந்தார்கள். திறந்து பார்த்தார். அவருடைய வகுப்பறை. கரும்பலகை முன்னால் அவருடைய மாணவி அஞ்சலி நின்று, கையை நீட்டி, தெளிவான குரலில் சொல்கிறாள்: “எங்களுக்கு இந்தியா வேண்டாம். எங்களுக்கு ராஜா போதும்.” அத்தோடு வீடியோ முடிந்துவிடுகிறது. கீழே ஒரு வரி: “சுதந்திர தினத்துக்கு நம்ம ஸ்கூல்ல நடக்கிற பாடம் இது. டீச்சர் யாருன்னு கேளுங்க.”

யார் என்று கேட்க வேண்டிய தேவையே இல்லாமல் போயிற்று. மதியத்துக்குள் அவருடைய பெயரும், கணவர் பெயரும், எந்த ஊரிலிருந்து கட்டிவந்தவர் என்பதும் அந்த வீடியோவுக்குக் கீழேயே வந்துவிட்டன.

பிரிஜா 1987இல் கடற்கரை ஊர் ஒன்றில் பிறந்தவர். தகப்பனார் கட்டுமரக்காரர், கடலில் போனவர் திரும்பவில்லை. தாயார் வியாகுலம்மாள் தலைச்சுமையாக மீன் கொண்டுபோய் அஞ்சுகிராமம் சந்தையில் விற்றே மகளைப் படிக்கவைத்தார். நாகர்கோவிலில் வரலாறு படித்து, பி.எட். முடித்து, ஆன்ட்ரூஸைக் கல்யாணம் செய்துகொண்டார். ஆன்ட்ரூஸ் தோஹாவில் ஏ.சி. மெக்கானிக். ஒரு தனியார் பள்ளியில் சில வருடங்கள் வேலை பார்த்த பிறகு, அஞ்சுகிராமத்துக்கு மேற்கே உள்ள அரசு உயர்நிலைப் பள்ளியில் தற்காலிக ஆசிரியராகச் சேர்ந்தார். பள்ளி மேலாண்மைக் குழு வழியாக வந்த வேலை. குழு வேண்டாம் என்று எழுதிவிட்டால் மறுநாள் வரத் தேவையில்லை. அந்தக் குழுவின் கூட்டங்களில் பேசுவதை எழுதிவைக்கும் பொறுப்பு என்னுடையது. ஆகையால் கூட்டத்தில் நடந்ததை நடந்தபடியே தருகிறேன். மற்றதெல்லாம் சம்பந்தப்பட்டவர்களிடம் தனித்தனியாகக் கேட்டு ஒத்துப்பார்த்தது.

வரலாறு நடத்துவதில் பிரிஜாவுக்கு ஒரு முறை இருந்தது. இரண்டு பக்கம் உள்ள எந்தப் பாடமானாலும் பிள்ளைகளை இரண்டாகப் பிரித்து நிறுத்துவார். எந்தப் பிள்ளையின் வீட்டில் எந்தப் பக்கத்தைப் பேசுகிறார்களோ, அதற்கு எதிர்ப்பக்கத்தை அந்தப் பிள்ளை பேச வேண்டும். இன்னொரு விதியும் உண்டு. எதிராளி சொன்னதை மறுக்கும் முன்பு, அதை அவனுடைய நியாயத்தோடு திருப்பிச் சொல்ல வேண்டும். கேட்டுவிட்டு எதிராளி “ஆமா” என்று சொன்னால்தான் மறுப்பைத் தொடங்கலாம். இது அவர் பிறந்த கடற்கரையில் மீன் ஏலத்தில் கண்டது. ஒருவர் கேட்ட விலையை ஏலம் விடுபவர் உரக்கத் திருப்பிச் சொல்வார். கேட்டவர் தலையாட்டிய பிறகே அடுத்த விலை. பள்ளியில் பிள்ளைகள் இதற்கு ‘ஆமா வாங்குதது’ என்று பெயர் வைத்திருந்தார்கள். விளையாட்டு மைதானத்தில் சண்டை வந்தால்கூட, “முதல்ல ஆமா வாங்குலே, பொறவு அடி” என்று ஒருவனை ஒருவன் மடக்குவான்.

பிள்ளைகள் சில சமயம் கேட்பதுண்டு. “டீச்சர், நீங்க எந்தப் பக்கம்?”

“பரீட்சை முடியட்டும், சொல்லுதேன்.”

பரீட்சை முடிந்தும் அவர் சொன்னதில்லை.

வெள்ளிக்கிழமை பாடம், 1947இல் நம் பகுதி எப்படி இந்தியாவில் சேர்ந்தது என்பது. அஞ்சுகிராமத்துக்குக் கிழக்கே அன்று வெள்ளைக்காரன் ஆண்ட சீமை. மேற்கே திருவிதாங்கூர் அரசர் நாடு. அந்த ஜூன் மாதத்தில், திருவிதாங்கூர் தனி நாடாகவே இருக்கும் என்று திவான் அறிவித்தார். ஜூலை முடிவதற்குள் அரசர் இந்தியாவோடு சேரச் சம்மதித்தார். இடையில் இருந்த அந்தச் சில வாரங்களில் ஜனங்கள் என்ன பேசியிருப்பார்கள் என்பதுதான் பிள்ளைகளுக்குக் கொடுத்த வேலை.

தனி நாட்டுப் பக்கத்துக்கு அஞ்சலியை நிறுத்தினார். அஞ்சலியின் தகப்பனார் வைகுண்டராஜன் வாழைத்தார் வியாபாரி, ஒரு கட்சியின் ஒன்றியப் பொறுப்பிலும் இருப்பவர். அய்யாவழிக் குடும்பம்; அவர்கள் கும்பிடும் அய்யாவைச் சிறையில் அடைத்தது திருவிதாங்கூர் அரசு. அந்த வீட்டில் திருவிதாங்கூர் ராஜாவைப் பற்றி யாரும் நல்லதாகப் பேசிக் கேட்டதில்லை. அதனால்தான் அவளைத் தேர்ந்தெடுத்தார். அவள் நன்றாகவே பேசினாள். நமக்கென்று நாணயம் இருக்கிறது, தபால் இருக்கிறது, பள்ளிக்கூடம் இருக்கிறது, கோவிலை எல்லாருக்கும் திறந்துவிட்டாயிற்று என்று அடுக்கிவிட்டு, கடைசியில் சொன்னதுதான் அந்த இரண்டு வரி.

அவளுக்குப் பதில் சொல்ல வேண்டியவன் ரெனிஷ். அவன் அன்று சுதந்திர தின நடனத்துக்குப் பாட்டு ஏற்றிக்கொண்டு வர, பயிற்சி கொடுக்கும் ஆசிரியரின் அனுமதியோடு வீட்டுக் கைபேசியைக் கொண்டுவந்திருந்தான். அஞ்சலி பேசியதை ஒரு சொல் பிசகாமல் திருப்பிச் சொல்லி ‘ஆமா’ வாங்க வேண்டுமே என்று, அவள் பேசும்போதே அதைப் பதிவு செய்துகொண்டான். அவள் பேசி முடித்ததும் மணி அடித்தது. அணிவகுப்புப் பயிற்சிக்குப் பிள்ளைகளை அழைக்க ஆள் வந்து வாசலில் நின்றது. “ரெனிஷ், பதில் அடுத்த வகுப்புல” என்று சொல்லி பிரிஜா அனுப்பிவிட்டார். ரெனிஷ் சாயங்காலம் பதிலுக்கு யோசனை கேட்டு வீடியோவைத் தன் பெரியப்பா மகனுக்கு அனுப்பினான். அந்தப் பெரியப்பா மகன் அதில் கடைசி இரண்டு வரியை மட்டும் வெட்டி எடுத்தான். அவனுக்கு அது வேடிக்கை. அவனிடமிருந்து கைமாறித்தான் அது பெற்றோர் குழுவுக்கு வந்தது.

சனிக்கிழமை சாயங்காலம் ஆன்ட்ரூஸ் தோஹாவிலிருந்து அழைத்தார்.

“இங்க நம்ம ஊருக்காரனுவ குரூப்பு எல்லாத்துலயும் ஓடுது, பிரிஜா. ரூமுல ஒருத்தன் எனக்கே காட்டுதான். ஒரு மன்னிப்பு மெசேஜ் போட்டுரு, முடிஞ்சிரும்.”

“எதுக்குன்னு போட?”

“எதுக்குன்னா… பொதுவா எல்லாத்துக்கும்.”

“எல்லாத்துக்கும்னு போட்டா, நான் சொல்லிக்கொடுத்தது தப்புன்னுல்லா ஆவும்.”

“சரி, வேலை போனா?”

துணி எடுக்கணும் என்று சொல்லி பிரிஜா அழைப்பை முடித்தார். பிறகு வீடியோவை மறுபடி பார்த்தார். ‘பலமுறை பகிரப்பட்டது’ என்ற குறி அதன்மேல் வந்திருந்தது. யாரோ காவல் நிலையத்தில் மனு கொடுக்கப் போவதாக எழுதியிருந்தார்கள். யார் என்று தெரியாத எண். அதற்குப் பிறகு தெருவில் மோட்டார் சைக்கிள் நின்றாலே எட்டிப் பார்க்க ஆரம்பித்தார்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து வந்தபோது வாசலில் உண்மையாகவே ஒரு மோட்டார் சைக்கிள் நின்றது. வந்திருந்தவர் சுயம்புராஜ், வைகுண்டராஜனுக்கு எதிர்க்கட்சிக்காரர். வைகுண்டராஜனின் கட்சிக்காரர்கள் டீச்சர்மேல் புகார் பேசிக்கொண்டிருந்த நேரம் அது.

“டீச்சர் பயப்படாண்டாம். நாங்க இருக்கோம். செவ்வாய்க்கிழமை ஜங்ஷன்ல கொடியேத்தம் வச்சிருக்கோம். நீங்க வந்து ரெண்டு வார்த்த பேசினா போதும். பேனருல உங்க படமும் போட்டுருவோம்.”

“நான் என்னத்தப் பேச?”

“சுதந்திரத்துக்கு அவனுவ ஆளுவ ஒண்ணும் செய்யல்லன்னு சொல்லணும். ஹிஸ்டரி டீச்சரு சொன்னா அதுக்கு ஒரு மதிப்பு உண்டுல்லா.”

“அவங்க பக்கத்தக் கேக்காம நான் எப்பிடிச் சொல்ல?”

சுயம்புராஜ் சிரித்தார். “இப்பம் பக்கம் பாக்குத நேரமா, டீச்சர்? அவனுவ உங்க பக்கத்தக் கேட்டானுவளா?”

“அவங்க கேக்கல்லங்கதுக்காவ நானும் கேக்காம இருந்தா, பிள்ளையகிட்ட நான் எந்த மொகத்த வச்சிட்டு நிக்க?”

“அப்பம் ஒத்தைல நில்லுங்க” என்று சொல்லிவிட்டு அவர் வண்டியைக் கிளப்பினார். அடுக்களையிலிருந்து எல்லாவற்றையும் கேட்டுக்கொண்டிருந்த வியாகுலம்மாள் வெளியே வந்தார்.

“எனக்க கூட மீன் விக்க வந்திருந்தா இந்தத் தொல்ல உண்டா பிள்ளே? மீனுக்கும் ரெண்டு பக்கம் உண்டு. எந்தப் பக்கத்தக் காட்டினாலும் ஒரே வெல.”

பிரிஜாவுக்குச் சிரிப்பு வந்தது. வந்த வேகத்திலேயே அழுகையும் வந்தது. துணைக்கு ஒருவர்கூட இல்லாத இடத்துக்குத் தன்னைத் தானே தள்ளிவிட்டோம் என்பது அப்போதுதான் உறைத்தது என்று பின்னால் சொன்னார்.

செவ்வாய்க்கிழமை பள்ளியில் கொடியேற்றினார்கள். பிரிஜா ஆசிரியர் வரிசையின் ஓரத்தில் நின்றார். மிட்டாய் தட்டு அவரிடம் வந்தபோது கொண்டுவந்த ஆசிரியை கண்ணைப் பார்க்கவில்லை. அஞ்சலி வரவில்லை.

வியாழக்கிழமை, 17ஆம் தேதி, மேலாண்மைக் குழு கூடியது. குழுத் தலைவி பகவதி, எட்டாம் வகுப்பில் படிக்கும் ஒரு பையனின் தாய். தலைமை ஆசிரியர் குமாரதாஸ் அடுத்த மே மாதம் ஓய்வு பெற இருந்தவர். கூட்டத்துக்கு முன்பே அவர் பிரிஜாவைத் தனியாகக் கூப்பிட்டு, “கேட்டதுக்கு மட்டும் பதில் சொல்லுங்க. கிளாஸ் எடுக்காதீங்க” என்று சொல்லிவைத்தார்.

வைகுண்டராஜன் பேசினார். தேசத்துக்கு விரோதமான பாடம் என்றார்; தியாகிகளுக்கு அவமானம் என்றார்; ராஜாவிடம் அடிபட்ட வம்சத்துப் பிள்ளையை ராஜாவுக்காகப் பேசவைத்தார்கள் என்றார். குரல் உயர்ந்துகொண்டே போனது. அவர் உட்கார்ந்ததும் பகவதி, “டீச்சர், நீங்க என்ன சொல்லுதிய?” என்று கேட்டார்.

பிரிஜா எழுந்து நாற்காலியின் முதுகைப் பிடித்துக்கொண்டார்.

“அண்ணன் சொன்னத முதல்ல நான் திருப்பிச் சொல்லுதேன். சரியா இருந்தா ஆமான்னு சொல்லுங்க. நாட்டுக்கு எதிரா நான் பிள்ளையளத் தூண்டிவிட்டேன். அதானே உங்க வருத்தம்?”

குமாரதாஸ் சார் கண்ணை மூடிக்கொண்டார்.

வைகுண்டராஜன் துண்டைத் தோளில் இழுத்துப் போட்டுக்கொண்டார். “அது ஊருல சொல்லுதது” என்றார்.

“உங்க கட்சிக்குக் கேவலமாப் போச்சு.”

“கட்சி கெடக்கு.”

“உங்க வீட்டுப் பிள்ளைய அந்த ராஜாவுக்காவப் பேச வச்சேன்.”

“அதுவும் உண்டு. ஆனா அதில்ல.”

பிரிஜா நாற்காலியை விட்டுவிட்டு அவர் பக்கம் திரும்பினார். பிறகு மெதுவாகச் சொன்னார்: “அஞ்சலி எஸ்.ஐ. ஆவணும்னு எங்கிட்டச் சொல்லியிருக்கா. நாளைக்கு அவ பரீட்ச எழுதி, உடம்புத் தகுதியும் ஜெயிச்சு, கடைசியில விசாரிக்க வருவாங்க. அன்னைக்கு எவனாவது இந்த வீடியோவ எடுத்துக் காட்டினா அவ என்ன செய்வா? சொல்லச் சொன்னது நான். மொகம் அவளுக்க மொகம்.”

வைகுண்டராஜன் தலையைக் குனிந்துகொண்டார். தோளில் கிடந்த துண்டை எடுத்து மடியில் வைத்தார்.

“ஆமா” என்றார்.

பின்வரிசையிலிருந்து ஒருவர், “அப்பம் குத்தம் ருசுவாச்சு, எழுதிக்கிடுங்க” என்றார்.

“இருங்க” என்றார் பிரிஜா. “இதுக்கு எனக்கிட்ட மறுப்பு இல்ல. இன்னொண்ணும் சொல்லணும். அன்னைக்கு மணி அடிச்சதும் நான் நிப்பாட்டிட்டேன். நிப்பாட்டியிருக்கப்பிடாது. ரெனிஷ் பதிலே சொல்லல்ல. பிள்ளைய ஒரு பக்கத்த மட்டும் கேட்டுட்டு வீட்டுக்குப் போச்சு. வெட்டினவன் வீடியோவ வெட்டினான். அதுக்கு முன்னாடியே பாடத்த வெட்டினது நான்தான். மீதிய நடத்த விடுங்க. அண்ணனும் வந்து இருக்கட்டும். அதுக்கப்புறம் போகச் சொன்னா போயிருதேன்.”

நீண்ட நேரம் பேசிய பிறகு குழு அதற்குச் சம்மதித்தது. வைகுண்டராஜன் ஒரு நிபந்தனை போட்டார்: அஞ்சலி இனி அந்த வார்த்தைகளைச் சொல்லக்கூடாது. பிரிஜா ஒப்புக்கொண்டார். பஸ்ஸில் போகும்போதுதான் அதன் சிக்கல் தெரிந்தது. அஞ்சலி தன் வார்த்தைகளைச் சொல்லத் தேவையில்லை, ரெனிஷ் சொல்வான். ஆனால் அவன் சொன்னதற்கு அவள் “ஆமா” என்றாக வேண்டும். தகப்பன் பின்னால் உட்கார்ந்திருக்கும்போது அவள் எப்படிச் சொல்வாள்? சொல்லாவிட்டால் ரெனிஷ் பதில் பேச முடியாது. இந்தியாவின் பக்கம் மறுபடியும் பேசப்படாமலே போகும். இந்த ஒருமுறை விதியைத் தளர்த்திவிடலாமா என்று ஞாயிறு முழுவதும் யோசித்தார். தனக்குப் பயம் வந்த நாளில் தளர்த்திய விதியைப் பிள்ளைகள் பிறகு எந்த நாளில் மதிப்பார்கள் என்றும் யோசித்தார்.

திங்கட்கிழமை வைகுண்டராஜன் கடைசி பெஞ்சில் உட்கார்ந்தார். முழங்கால் உள்ளே நுழையாததால் ஒருபக்கமாகத் திரும்பி உட்கார வேண்டியிருந்தது. முன்னாலிருந்த பையன்கள் ஒருவனை ஒருவன் இடித்துக்கொண்டார்கள். பிரிஜா தேதியை எழுதும்போது சாக்பீஸ் இரண்டுமுறை உடைந்தது.

“அஞ்சலி, உனக்கு இஷ்டமில்லன்னா வேற ஆளு நிக்கட்டும்.”

அஞ்சலி எழுந்து முன்னால் வந்து நின்றாள். எதிரில் ரெனிஷ். அந்த வாரம் முழுவதும் வீட்டில் அடியும் திட்டும் வாங்கியவன் அவன்.

“சொல்லு ரெனிஷ். அஞ்சலி பக்கம் என்ன?”

“ராஜாவுக்க ஆளுவ பதவியாசையில, இந்தியா வேண்டாம்னு…”

“இல்ல” என்றாள் அஞ்சலி. “நான் அப்பிடிச் சொல்லல்ல. உன் இஷ்டத்துக்கு அளக்காதே.”

வகுப்பு சிரித்தது. சிரிப்புக்கிடையில் பிரிஜா நிமிர்ந்து பார்த்தார். கடைசி பெஞ்சில் வைகுண்டராஜன் கைபேசியைத் தூக்கிப் பிடித்திருந்தார். பதிவு செய்கிறார் என்பது தெரிந்தது. வகுப்பில் கைபேசி கூடாது என்று தலைமை ஆசிரியர் சுற்றறிக்கை விட்டு மூன்று நாள்கூட ஆகவில்லை. சொன்னால், எதையோ மறைக்கப் பார்க்கிறார் என்று ஆகும். சொல்லாவிட்டால், இன்னொரு வீடியோ. “மறுபடி சொல்லு” என்று ரெனிஷிடம் மட்டும் சொன்னார்.

ரெனிஷ் இந்தமுறை நிதானமாகச் சொன்னான். “நமக்குன்னு துட்டு இருக்கு, தபால் இருக்கு. பள்ளிக்கூடம் நெறைய இருக்கு. கோவில எல்லாருக்கும் தெறந்தாச்சு. நமக்குத் தெரியாத டெல்லிக்குக் கீழ எதுக்குப் போவணும்? எங்களுக்கு இந்தியா வேண்டாம். எங்களுக்கு ராஜா போதும். 1947ல அப்பிடி நெனச்ச ஆளுவளுக்க பேச்சு இது. சரியா?”

அஞ்சலி டீச்சரைப் பார்க்கவில்லை, ரெனிஷையும் பார்க்கவில்லை. கடைசி பெஞ்சைப் பார்த்தாள். கைபேசி இறங்கவில்லை. வகுப்பு முழுவதும் திரும்பி அவள் பார்த்த பக்கம் பார்த்தது. பிரிஜா மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டு நின்றார். ஒரு குறிப்புகூடக் கொடுக்கவில்லை. கொடுப்பது நியாயமாக இராது என்று நினைத்தார்.

“சொல்லுட்டி” என்றார் வைகுண்டராஜன். “நீ சொல்லாம அவன் எப்பிடிப் பதில் பேசுவான்?”

“ஆமா” என்றாள் அஞ்சலி.

ரெனிஷ் மூச்சை இழுத்துக்கொண்டு தொடங்கினான். “ராஜா நல்லவருன்னே வச்சுக்கிடுவோம். அவருக்குப் பொறவு வாறவரும் நல்லவரா இருப்பாருன்னு என்ன உறுதி? துட்டுல அவருக்க முத்திர இருந்துது. அந்தத் துட்ட என்ன செய்யணும்னு நம்மகிட்ட யாராவது கேட்டாங்களா? திவான நாம தேர்ந்தெடுத்தமா? எதுத்துப் பேசினவங்கள எதுக்கு ஜெயில்ல போட்டாங்க…”

பாதியில் மணி அடித்தது. கணக்கு ஆசிரியர் வாசலில் வந்து நின்றார். பிரிஜா அவரைப் பார்த்துக் கையைக் காட்டி நிற்கச் சொன்னார். ரெனிஷ் கடைசிச் சொல்லைச் சொல்லி முடித்து, அதற்கு அஞ்சலி ஒரு கேள்வி கேட்டு, அதற்கும் அவன் பதில் சொன்ன பிறகே, “போதும், உக்காருங்க” என்றார்.

வராந்தாவில் வைகுண்டராஜன் காத்திருந்தார்.

“முழுசும் எடுத்திருக்கேன், டீச்சர். நாளைக்கு எவனாவது அவளுக்க பாதியக் காட்டினா, நான் மீதியக் காட்டுவேன்.”

பிரிஜா கையிலிருந்த சாக்பீஸ் தூளைத் தட்டினார். “வெட்டாம வைங்க, அண்ணே” என்றார்.

“வெட்ட எனக்குத் தெரியாது. வாழைத்தாருன்னா வெட்டுவேன்.” கொஞ்சம் நின்று, “அது சரி, நீங்க எந்தப் பக்கம்?” என்று கேட்டார்.

“பரீட்சை முடியட்டும்.”

அன்று மாலை குழு மறுபடி கூடி, கல்வியாண்டு முடியும்வரை அவர் தொடரலாம் என்று தீர்மானித்தது. இருவர் சம்மதிக்கவில்லை, அதுவும் குறிப்பில் இருக்கிறது. வெட்டப்பட்ட வீடியோ இன்னமும் எங்காவது சுற்றிக்கொண்டுதான் இருக்கிறது. ஒவ்வொரு ஆகஸ்டிலும் யாராவது எடுத்துப் போடுகிறார்கள். கைபேசி அதிர்ந்தால் பிரிஜா டீச்சர் இப்போதும் ஒரு கணம் நின்றுவிட்டுத்தான் எடுக்கிறார். வைகுண்டராஜன் அதற்குப் பிறகு கைபேசியை மாற்றினார். மாற்றும்போது, அந்த ஒன்று மட்டும் புதியதில் ஏறிவிட்டதா என்று கடைக்காரரிடம் நின்று, முழுவதையும் ஓடவிட்டுப் பார்த்துவிட்டே வெளியே வந்தார்.